ஏலத்தோட்ட ஜீப்புக்கு இருக்கிற கிரீஸ் நிப்பிள், மூன்று லட்ச ரூபாய் பைக்குக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அட்வெஞ்சர் பைக்குகளை, அதாவது கரடுமுரடான பாதைக்கென்று விற்கிற வண்டிகளை, ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தோம். குதிரைத்திறன், டார்க், திரையின் அளவு, ரைடிங் மோடு எத்தனை என்று எல்லாம் இருந்தது. நாலு மழைக்காலம் பார்த்த பிறகு அந்த வண்டி எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. போடி, கம்பம், குமுளி, பூப்பாறை வட்டாரத்தில் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களும், அவற்றைப் பிரித்துப் பூட்டுகிறவர்களும் சேர்ந்து அந்த விட்டுப்போன வரியைப் பற்றி எழுதுகிறோம்.

எங்கள் பக்கம் மழை இரண்டு முறை வரும். ஜூனில் மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை மேட்டில் கொட்டும். கம்பம் பள்ளத்தாக்குக்குச் சாரல் இறங்கும். அது ஓய்ந்து வண்டி காய்வதற்குள் ஐப்பசி அடைமழை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. தேசிய நெடுஞ்சாலை 85 என்பதால் தாருக்குக் குறைவில்லை. பூப்பாறை, சாந்தன்பாறை தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் பிரிகிற பாதைகள்தான் வேறு கதை: செம்மண் குழம்பு, உருளைக்கல், குறுக்கே ஓடை. விளம்பரப் படத்தில் இந்த வண்டிகள் பறப்பது இப்படிப்பட்ட பாதையில்தான். அதனால் "நீங்கள் தப்பான இடத்தில் ஓட்டுகிறீர்கள்" என்று எங்களிடம் யாரும் சொல்ல முடியாது.

இவற்றில் என்ஜின் போய் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டி குறைவு. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் என்ஜின் பாட்டுக்கு ஓடும். வருவதெல்லாம் மூட்டுவலிக்காரர்கள்தான். ஹேண்டில் மூட்டு, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மூட்டு, மோனோ ஷாக் லிங்க் (பின் ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு சேர்க்கும் லிங்கேஜ்), ஸ்டாண்டு சுவிட்ச், பிரேக் பின். தண்ணீர் உள்ளே போகிற, போனால் வெளியே வர வழியில்லாத, கிரீஸை விரல் நுனியில் தொட்டுத் தடவிவிட்டுப் பூட்டிய இடங்கள்.

விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்பின் அடியில் ஒருநாள் குனிந்து பாருங்கள். பட்டைக் கம்பிச் சாக்கிள், ஸ்டியரிங் மூட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் என்று அசைகிற இடமெல்லாம் ஒரு சின்ன முலை மாதிரி கிரீஸ் நிப்பிள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை டிரைவர் கிரீஸ் கன்னை வைத்து நாலு அழுத்து அழுத்துவார். பழைய கிரீஸ் சேற்றையும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு ஓரத்தில் பிதுங்கும். புதுசு வெளியே தெரிந்ததும் நிறுத்துவார். அரை மணி நேர வேலை. அந்த ஜீப்பை முந்திக்கொண்டு போகிற பைக்கில் லிங்கேஜுக்கு நிப்பிள் கிடையாது. அதே கிரீஸை வைக்க ஷாக்கை இறக்கி, லிங்க்கை உருவி, மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். உட்காருகிறவர்கள் குறைவு. சேதம் அங்கே ஆரம்பிக்கிறது.

முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் மூட்டின் பேரிங். பல மாடல்களில் ஹேண்டில் தண்டுக்கு மேலும் கீழும் பால் ரேஸ்தான், அதாவது இரும்புக் குண்டுகள் உருளும் தடம்தான், போட்டு வருகிறது. பால் தன் தடத்தை ஒரு புள்ளியில் தொடும். கூம்பு மாதிரிச் சரிந்த உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் ஒரு கோடு நீளத்துக்குத் தொடும். முன் சக்கரம் நேராக இருக்கும்போதுதான் குழியில் அதிகமாக இறங்குகிறோம். ஒவ்வொரு அடியும் அதே இடத்தில், அதே பால்களின் மேல் விழுகிறது. தடத்தில் குண்டுமணி அளவுகூட இல்லாத சின்னச் சின்னப் பள்ளம் விழும். கிரீஸ் தண்ணீரோடு போய்விட்டிருந்தால் துருவும் சேர்ந்துகொண்டு பள்ளத்தை ஆழமாக்கும். அதன் பிறகு கொண்டை ஊசியில் ஹேண்டில் வழுக்கிக்கொண்டு திரும்பாது. படி இறங்குவது மாதிரி விட்டு விட்டுத் திரும்பும்.

சோதனை சுலபம். என்ஜினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை நடுவில் வைத்து ஒரு விரலால் தட்டினால், கேபிள்கள் இழுக்காதவரை, அது தானாக ஒரு பக்கம் சாய வேண்டும். நடுவில் கவ்விக்கொண்டு நின்றால் பள்ளம் விழுந்துவிட்டது. பிறகு ஃபோர்க்கின் கீழ் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று வந்தால் லூஸ். லூஸை டைட் பண்ணிச் சரிசெய்யலாம். பள்ளத்தை டைட் பண்ணிச் சரிசெய்ய முடியாது. இது தெரியாமல் சர்வீசுக்குச் சர்வீஸ் நட்டை இறுக்கி அனுப்புகிறார்கள். வண்டி இன்னும் மோசமாகத் திரும்பும். பள்ளம் விழுந்திருந்தால் மேல் கீழ் இரண்டு தடங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். அளவு சரியாகப் பொருந்தும் டேப்பர் ரோலர் செட் கிடைக்கிற மாடலுக்கு அதையே போடுவது நல்லது. ரோலர்களுக்கு இடையில் கிரீஸ் புகும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்பி, நட்டை இறுக்கி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஐந்தாறு முறை முழுசாகத் திருப்பி, தளர்த்தி, ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ரோலர் உட்கார்ந்து கொஞ்சம் லூஸ் காட்டும்.

வாட்டர் சர்வீசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சேறு பூசிய வண்டியை நிறுத்தி, பிரஷர் கன்னைக் கோன் செட்டுக்கும் சக்கரத்து ஆக்ஸிலுக்கும் லிங்க்குக்கும் நேராகப் பிடித்து அடிப்பதைவிட ஓடைத் தண்ணீர் எவ்வளவோ மேல். மழைத் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் உதடு அந்த அழுத்தத்துக்கு நிற்காது. தோட்டத்து ஹோஸ் பைப்பும் தேங்காய் நாரும் போதும். இது உரிமையாளர்கள் செய்கிற தப்பு. கம்பெனி மேல் போட மாட்டோம்.

லிங்கேஜ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் தாழ்ந்த பகுதியில். சக்கரம் வாரியடிக்கிற சேறு நேராக அதன் மேல். உள்ளே ஊசி மாதிரி ரோலர்கள் கொண்ட நீடில் பேரிங், நடுவில் காலர் என்கிற ஒரு இரும்புக் குழல், இரண்டு பக்கமும் மெல்லிய சீல். புது வண்டியைப் பிரித்தாலே கிரீஸ் பெயருக்குத்தான் இருக்கும். இரண்டு மழை தாண்டினால் ஊசி ரோலர்களுக்கு நடுவே டீத்தூள் நிறத்தில் துருப்பொடி. கிரீச் கிரீச் என்று சத்தம் வருவது ஆரம்பம். அடுத்த கட்டத்தில் சத்தம் நின்றுவிடும். 'சரியாகிவிட்டது' என்று நினைப்பார்கள். பேரிங் காலரோடு ஒட்டிப்போய் அசைவதையே நிறுத்தியிருக்கும். அப்போது பின் ஷாக் கட்டை மாதிரி அடிக்கும். ஷாக் போய்விட்டது என்று நினைத்துப் புது ஷாக் வாங்குகிறவர்களும் உண்டு.

பிரிக்கும்போது ஜாக்கை சேசிஸுக்கு அடியில் கொடுக்க வேண்டும், ஸ்விங் ஆர்முக்கு அடியில் கொடுத்தால் வேலை நடக்காது. ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, லிங்க் தகடுகளின் போல்ட்டுகளை உருவி, காலரை விரலால் தள்ள வேண்டும். காலரில் ஊசி ஊசியாகக் கோடு பதிந்திருந்தால் பேரிங், காலர் இரண்டையும் மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் மாற்றினால் பழைய காலர் புதியதைத் தின்றுவிடும். கோடு இல்லையென்றால் டீசலில் கழுவி, துடைத்து, காயவைத்து, தண்ணீர் தாங்கும் கிரீஸை ஊசிகளுக்கு நடுவே விரலால் ஏற்றுங்கள். பழைய கிரீஸ் கொஞ்சமும் மிச்சமிருக்கக் கூடாது. இரண்டு ஜாதி கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகி ஒழுகிவிடும். ஸ்விங் ஆர்மின் நீளத் தண்டையும் அப்போதே உருவிக் கிரீஸ் தடவிப் போட வேண்டும். மூன்று நாலு மழை தொடாமல் விட்டால் தண்டு புஷ்ஷோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தால் முனை பூ மாதிரி விரியும், தண்டு நகராது. அதற்குப் பிறகு பிரஸ், கேஸ் வெல்டிங், புது ஸ்விங் ஆர்ம் என்று செலவு ஏறும். லிங்க் இல்லாமல் ஷாக்கை நேராக ஸ்விங் ஆர்மில் பூட்டிய வண்டிகளும் இருக்கின்றன. 2020-இல் இங்கே வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சர் அந்த வகை. லிங்க் தரும் மெத்தென்ற இறக்கம் அதில் குறையலாம். ஆனால் துருப்பிடிக்க அந்த மூட்டுகளே இல்லை.

இனி டேங்க் மூடி. இதை யாரும் டிசைன் குறை என்று பேசுவதில்லை, நாங்கள் பேசுகிறோம். பெட்ரோல் மூடி ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதில் விழும் மழை வெளியேற ஒரு துளை, அதிலிருந்து டேங்குக்கு உள்ளேயே இறங்கி அடியில் வெளிவரும் ஒரு குழாய், அதன் முனையில் ஒரு ரப்பர் ஹோஸ். துளை பேனா ரீஃபில் அளவுதான். செம்மண் தூசியும் வேப்பிலைச் சருகும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் அடைத்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். பங்கில் மூடியைத் திறந்ததும் அது அப்படியே டேங்குக்குள் போகும். முன்பு கார்புரேட்டர் காலத்தில் அடிப்பகுதியைத் திறந்து வடித்துவிட்டுக் கிளம்பினோம். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பத்தாவது வளைவில் வண்டி இழுக்காமல் திணறி நிற்கிறது, லேப்டாப்பை மாட்டினால் சென்சாரைக் காட்டுகிறது, சென்சாரை மாற்றுகிறார்கள், மறுபடி நிற்கிறது. மெல்லிய பித்தளைக் கம்பியால் துளையைக் குத்தி, கீழிருந்து மேலாகக் காற்றடித்தால் தீர்கிற விஷயம். பக்கத்தில் இருக்கிற, டேங்குக்குக் காற்று விடும் பிரீதர் ஹோஸின் முனையும் சேற்றில் அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இதே மாதிரி இழுவை குறையும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான்.

ஸ்டாண்டு சுவிட்சும் இதே வகையறா. ஸ்டாண்டு கீழே இருந்தால் கியர் போட்டதும் என்ஜின் நிற்கட்டும் என்று வைத்த பாதுகாப்பு, நல்ல யோசனைதான். அதைக் கொண்டுபோய்ச் சேறு நேராக அடிக்கிற இடத்தில், மறைப்பு ஏதும் இல்லாமல் பூட்டியிருக்கிறார்கள். சேறு காய்ந்து இறுகினால் ஸ்டாண்டு முழுசாக மேலே போகாது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்து குழியில் குதிக்கும்போது ஸ்டாண்டு ஆடும். ஏற்றத்தில் என்ஜின் சட்டென்று நிற்கும். சிலர் ஒயரை வெட்டி முறுக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள், மறந்துபோய் ஸ்டாண்டோடு இடது வளைவில் சாய்ந்தால் பள்ளத்தாக்குதான். ஸ்டாண்டு போல்ட்டைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கை மாற்றி, ஒயர்கள் சேரும் கப்ளரில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் போதும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கொத்தாகக் கிடக்கும் கப்ளர்களுக்கும் அதே வைத்தியம்.

சக்கரம் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஸ்போக்கா, அலாயா என்ற சண்டை எங்களுக்குள்ளேயே தீரவில்லை. கல்லில் அலாய் நெளிந்தால் காற்று இறங்கும், வெடித்தால் மாற்ற வேண்டியதுதான். ஸ்போக் வளைந்தால் நிமிர்த்தலாம். ஆனால் ஸ்போக்கோடு டியூப் வரும்போது பஞ்சருக்குச் சக்கரத்தையே கழற்ற வேண்டும், மழையில், சாய்ந்த ரோட்டில். மேலே தோட்டத்து ஊர்களில் பஞ்சர் கடை இருக்கிறது. ஜீப் டியூப் கிடைக்கும், 21 இன்ச் பைக் டியூப் கிடைப்பது சந்தேகம். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 இங்கே டியூபோடுதான் வந்தது. டியூப் இல்லாத ஸ்போக் சக்கரம் அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. முதலில் வாங்கியவர்கள் செய்த பாவம் என்ன? டியூப் வண்டிக்காரர்கள் ஒரு 21 இன்ச் டியூபை எடுத்துப் போங்கள், அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு மெதுவாக ஊர் சேரலாம். வால்வு ரிம்முக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்று குறைவால் டயர் ரிம்மில் நகர்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வால்வு அடியில் கிழியும், அதற்கு ஒட்டு நிற்காது. ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிங்' என்றால் சரி, 'டொக்' என்றால் லூஸ். புது வண்டிக்கு முதல் 1,000 கி.மீட்டருக்குள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

செயினில் நடக்கும் தப்பு நூற்றுக்கு அறுபது நம் பக்கம், நாற்பது கையேட்டின் பக்கம் என்போம். இந்த வண்டிகளின் பின் சக்கரம் 170, 180, 200 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் போகும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் தண்டு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். ஸ்டாண்டில் நிறுத்தி, சாதாரண பைக் மாதிரி செயினை விறைப்பாக வைத்தால், ஆளும் பையும் ஏறியதும் அது கம்பி மாதிரி இழுபடும். கியர்பாக்ஸ் அவுட்புட் தண்டின் பேரிங்கும் ஆயில் சீலும் போகும். கையேட்டில் சொன்ன தொய்வின் அதிக அளவையே எடுத்துக்கொண்டு, ஒருவரை மேலே உட்கார வைத்து அமுக்கிப் பார்த்து, அப்போதும் விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் சரி.

பின் சேசிஸ் விஷயம் பெரிசு, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறோம். சீட்டையும் கேரியரையும் தாங்கும் பின் சட்டமான சப்ஃபிரேமை மெயின் சேசிஸோடு வெல்டு செய்துவிட்டு, அதன் மேல் கேரியரையும் கொடுத்து, கையேட்டில் ஒரு மூலையில் 'இத்தனை கிலோதான்' என்று எழுதினால் யார் படிக்கிறார்கள்? பெட்டி மாட்டும் வண்டி என்று சொல்லித்தானே விற்கிறார்கள். கேரியர் மூலையில் மயிரிழை விரிசல் முதலில் பெயின்டில் தெரியும். போல்ட்டில் கழலும் சப்ஃபிரேம் என்றால் மாற்றிவிடலாம். வெல்டு என்றால் ஒட்டுப்போடத்தான் வேண்டும். அப்படி வெல்டு வைக்கும்போது பேட்டரியையும் ஈசியு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கப்ளரையும் கழற்றாமல் பற்றவைத்து ஈசியுவைச் சுட்டவர்கள் இருக்கிறார்கள். என்ஜினைக் காக்கும் பேஷ் பிளேட்டை சேசிஸில் பூட்டாமல் என்ஜின் கேசிங்கிலேயே பூட்டுகிற டிசைனும் எங்களுக்குப் புரியவில்லை. கல்லடியை வாங்கி யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பது அது.

பிரேக்கில் ஒன்றே ஒன்று. மலை இறங்கும்போது பின் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் திரவம் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். கையேடு பிரேக் திரவத்துக்கு இரண்டு ஆண்டு கொடுத்திருந்தாலும், ஈரத்தை இழுக்கிற சரக்கு அது. எங்கள் பக்கம் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதுதான் உத்தமம்.

கம்பெனிகளிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. லிங்க்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நிப்பிள். கோன் செட்டுக்கு டேப்பர் ரோலர். பராமரிப்பு அட்டவணையில் கிலோமீட்டரோடு மழைக்கணக்கும்: மே கடைசியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் ஒருமுறை மூட்டுகளைப் பிரித்துக் கிரீஸ் வைப்பது. மழையில் தோட்டத்துக்குள் 3,000 கி.மீ. ஓடிய வண்டிக்கு நெடுஞ்சாலையில் 10,000 ஓடிய வண்டியைவிட அதிகமாகக் கிரீஸ் தேவை; அட்டவணை இதை அறியாது.

உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். சர்வீசுக்கு விடும்போது ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். 'கோன் செட்டில் தடம் விழுந்துள்ளது, ஓடியது 9,000 கி.மீ.' என்று எழுதவைத்து, மீட்டரோடு போட்டோ எடுத்து வையுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளன, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அதே 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் டிசைன் குறைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்றும் இருக்கிறது. உதவி எண் 1915. ஆனால் 'ஜெனரல் செக்கப்' என்று நாலு கார்டை நீட்டினால் அங்கே எதுவும் நடக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாகனப் பக்கத்துக்கு ஒரு அட்வெஞ்சர் பைக் வரும்போது, மூடிய டேங்க் மூடியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது எத்தனை நேரத்தில் எங்கே சொட்டுகிறது என்று எழுதுங்கள். அப்படியே அடியில் குனிந்து நிப்பிள் எத்தனை என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
போடி, கம்பம், குமுளி வட்டார வண்டி உரிமையாளர்கள், மெக்கானிக்குகள் சிலர்